131 450: டாக்டர் அறைக்குள் தமிழை அழைத்துவரும் எண்

ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தின் ஃபிரிட்ஜ் கதவில் மூன்று எண்கள் ஒட்டியிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 000. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் விஷத் தகவல் மையத்தின் 13 11 26. மூன்றாவது 131 450. முதல் இரண்டும் பலருக்குத் தெரியும். மூன்றாவதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள்கூட அதை எந்த நேரத்தில், யாரிடம், எப்படிக் கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

131 450 என்பது டிஐஎஸ் நேஷனலின் எண். அது ஆஸ்திரேலிய உள்துறை நடத்தும் மொழிபெயர்ப்புச் சேவை. 1973-ல் அவசரத் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையாகத் தொடங்கியது. இன்று 24 மணி நேரமும், வாரத்தில் ஏழு நாளும், 150-க்கும் மேற்பட்ட மொழிகளில் இயங்குகிறது. தமிழும் அதில் உண்டு. நீங்கள், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர் மூவரும் ஒரே அழைப்பில் இருப்பீர்கள். நீங்கள் தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் போகும், டாக்டர் சொன்னது தமிழில் வரும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் இது ஒழுங்காக நடந்தால் சிகிச்சையே மாறும். எங்கே வலி, எப்போதிலிருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி வாங்கி வந்த மருந்துக்கும் தமிழில் சொல்லி வாங்கிய மருந்துக்கும் வித்தியாசம் இருக்கும்.

காசு யார் கொடுப்பது? நோயாளி கொடுப்பதில்லை. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டை வைத்திருப்பவரை அதன் கீழ் பார்க்கும் தனியார் கிளினிக் மருத்துவருக்கும் ஸ்பெஷலிஸ்ட்டுக்கும் இந்தச் சேவை இலவசம். அவர்களுடைய நர்ஸும் வரவேற்பில் இருப்பவரும், அப்பாயின்ட்மென்ட் கொடுக்கவோ பரிசோதனை முடிவைச் சொல்லவோ இதே சேவையை எடுக்கலாம். மருந்துக் கடைக்காரரும் எடுக்கலாம். கிளினிக் ஒரு முறை பதிவு செய்து ஒரு குறியீட்டு எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைச் சொன்னால் போதும். மருத்துவர்களுக்கென்றே தனியாக 1300 131 450 என்ற முன்னுரிமை இணைப்பு இருக்கிறது, அதுவும் 24 மணி நேரம்.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது ஏன் முக்கியம் என்றால், "எங்ககிட்ட அந்த வசதி இல்லை, கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்ற பதிலை வரவேற்பில் கேட்க நேரலாம். பெரும்பாலும் அது மறுப்பு அல்ல, தெரியாமை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு இது செலவாகும் என்ற பயம் இருக்கும். 1300 131 450 என்று எழுதிய துண்டுச் சீட்டை நீட்டி, டாக்டருக்கு இது இலவசம் என்று சொல்லுங்கள். வார்த்தையைச் சரியாகப் பிடியுங்கள்: கேட்க வேண்டியது "இன்டர்பிரட்டர்". "டிரான்ஸ்லேட்டர்" என்றால் காகிதத்தை மொழிபெயர்ப்பவர் என்று புரிந்துகொள்வார்கள்.

எல்லாமே தீர்மானமாகும் இடம் டாக்டர் அறை அல்ல, அப்பாயின்ட்மென்ட் வாங்கும் அந்த ஒரு நிமிடம். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினால் ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு முறை சொல்லப்படும். ஜிபி எனும் பொது மருத்துவருடன் சாதாரண சந்திப்பு மெடிகேர் கணக்கில் 6 நிமிடத்திலிருந்து 20 நிமிடத்துக்குள். அதில் பாதி மொழிபெயர்ப்புக்கே போய்விட்டால், கடைசியில் எழுந்து நின்றபடி சொல்லும் அந்த முக்கியமான விஷயத்துக்கு இடமே இருக்காது. 20 நிமிடத்துக்கு மேற்பட்ட நீண்ட சந்திப்புக்கு மெடிகேரில் தனி வகையே உண்டு. ஆகவே ஒரே மூச்சில் இரண்டையும் கேளுங்கள்: "டமில் இன்டர்பிரட்டர் ப்ளீஸ், அண்ட் லாங் அப்பாயின்ட்மென்ட்." கிளினிக்கின் கணினியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் "மொழிபெயர்ப்பாளர் தேவை, தமிழ்" என்ற குறிப்பைப் பதியச் சொல்லுங்கள். ஒரு முறை பதிந்தால் அடுத்த முறை கேட்க வேண்டிய அவசியம் குறையும். டாக்டர் ஸ்பெஷலிஸ்ட்டுக்கோ மருத்துவமனைக்கோ எழுதும் பரிந்துரைக் கடிதத்திலும் அதே வரி வர வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் போனால், மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த சந்திப்பு சைகையில் முடிந்துபோகலாம். உடனடி அழைப்பில் தமிழர் ஒருவர் அந்த நேரத்துக்குக் கிடைக்க வேண்டும்; நீண்ட, சிக்கலான சந்திப்பு என்றால் கிளினிக்கை முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரைப் பதிவு செய்யச் சொல்வது நல்லது. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாலும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அந்த அப்பாயின்ட்மென்டை வாங்கவே ஆங்கிலம் தடையாக இருந்தால், வீட்டிலிருந்து நீங்களே 131 450-ஐ அழைக்கலாம். மெடிகேர் அட்டை, கிளினிக்கின் பெயர், அதன் தொலைபேசி எண், ஒரு பேனா ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மொழி என்று கேட்கும்போது "டமில்" என்றே சொல்லுங்கள். நம் ழகரம் அங்கே பிடிபடாது. இணைப்பில் காத்திருங்கள், தமிழர் வருவார். அவருடைய டிஐஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது தவறு நடந்தால் தேதி, நேரம், அந்த எண் மூன்றும்தான் புகாருக்கு ஆதாரம். பிறகு எந்த இடத்துடன் பேச வேண்டும் என்று சொல்லி எண்ணைக் கொடுத்தால் இணைத்துவிடுவார்கள். மொபைலிலிருந்து 13-ல் தொடங்கும் எண்ணுக்கு உங்கள் பிளானைப் பொறுத்துக் கட்டணம் இருக்கலாம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதே வழியில் ஹெல்த்டைரக்ட்டின் 1800 022 222-ஐயும் இணைக்கச் சொல்லலாம். நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா விடியும்வரை பார்ப்பதா என்ற கேள்விக்கு அங்கே நர்ஸ் ஒருவர் பதில் சொல்வார்.

இனி டாக்டர் அறை. மேசையில் போன் ஸ்பீக்கரில் இருக்கும். அந்தக் குரலுக்குக் கண் இல்லை. வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டு "இங்க, இங்கதான் வலிக்குது, அப்படியே இங்க வருது" என்றால் மொழிபெயர்ப்பாளரால் "இங்கே" என்பதைத்தான் ஆங்கிலத்தில் சொல்ல முடியும். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பிக்கலாம், கணினியில் தட்டிக்கொண்டிருந்தால் அது காற்றோடு போச்சு. "வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே தொடங்கி, முதுகுப் பக்கம் போகுது" என்று இடத்தை வார்த்தையாக்கிச் சொல்லுங்கள். தலையாட்டலும் அவருக்குத் தெரியாது. "ம்" என்பதும் பதில் அல்ல. எதிர்மறைக் கேள்வியில்தான் பெரிய குழி: "நீங்கள் மாத்திரையை நிறுத்தவில்லையே?" என்றால் தமிழில் "ஆமா" என்பது "ஆமா, நிறுத்தவில்லை". கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர் அவசரப்பட்டு நேரே "எஸ்" என்று சொல்லிவிட்டால், நிறுத்திவிட்டதாகப் பதிவாகலாம். ஆமா, இல்லை என்று நிறுத்தாமல் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: "தினமும் போடுறேன், நிறுத்தல." இரண்டு வாக்கியம் பேசினால் நிறுத்தி, மொழிபெயர்க்க இடம் கொடுங்கள். வீட்டார் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் போன் வழியே எதுவும் தேறாது. டாக்டரைப் பார்த்துப் பேசுங்கள், போனைப் பார்த்து அல்ல.

இந்தச் சேவையில் யாரும் எழுதி வைக்காத ஒரு சிக்கல், இரண்டு தமிழ்கள். யாழ்ப்பாணத்து அம்மா அழைப்பில் இருக்கிறார், மறுமுனையில் மதுரைக்காரர். அல்லது மாறி. அம்மா "நெஞ்சு வருத்தம் இருக்கு" என்கிறார். இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய். தமிழ்நாட்டுக் காதுக்கு அது மனத்துயரம். இதய நோய் சோகமாகிவிட்டது! "சத்தி" என்றால் வாந்தி, "வயிற்றோட்டம்" என்றால் பேதி, "குளிசை" என்றால் மாத்திரை, "சீனி வருத்தம்" என்றால் சர்க்கரை வியாதி, "முட்டு" என்றால் மூச்சிரைப்பு, "நோ" என்றால் வலி. "தலை நோகுது" ஓரளவு புரியும். "முட்டு வருது" என்றால் தமிழ்நாட்டுக்காரர் முழங்கால் மூட்டை நினைக்கக்கூடும். தமிழ்நாட்டுக்குள்ளேயே "இழுப்பு" சில ஊர்களில் ஆஸ்துமா, சில ஊர்களில் வலிப்பு. இரண்டுக்கும் மருத்துவம் முற்றிலும் வேறு. நல்ல மொழிபெயர்ப்பாளர் சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்பார். ஆனால் சந்தேகமே வராத சொல்தான் ஆபத்தானது. அழைப்பு தொடங்கியதும், "நான் இலங்கைத் தமிழ் பேசுறேன், புரியாத சொல் வந்தா கேளுங்கோ" என்று ஒரு வரி சொல்லிவிடுவது போதும், இருவரும் விழிப்பாகிவிடுவார்கள்.

இன்னொன்று, நோய்க்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள். "வாய்வு பிடிச்சிருக்கு", "உடம்பு சூடு", "பித்தம்" இவற்றுக்கு ஆங்கில மருத்துவத்தில் நேர்ச்சொல் இல்லை. வாய்வை "கேஸ்" என்று மொழிபெயர்த்தால் டாக்டர் செரிமான மருந்தை நினைப்பார், அது மாரடைப்பாக இருந்தாலும். என்ன உணர்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: அழுத்தமா, எரிச்சலா, குத்தலா, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா. மயக்கம் என்றால்கூட, அறை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நடக்கும்போது தள்ளாட்டமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். டாக்டர் மூன்றுக்கும் மூன்று வழியில் போவார்.

எண்களிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை மில்லிகிராம் கணக்கில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் மில்லிமோல் கணக்கு. 180 என்று நீங்கள் சொல்வது இங்கே 10. சர்க்கரைக்கு 18-ஆல் வகுத்தால் சரியாக வரும். கிரியேட்டினின் 1.2 என்பது இங்கே ஏறத்தாழ 106. மொழிபெயர்ப்பாளர் எண்ணைத்தான் மொழிபெயர்ப்பார், அளவீட்டை மாற்ற மாட்டார், மாற்றவும் கூடாது. ரிப்போர்ட்டை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள், அளவீட்டுடன். மருந்துப் பெயரும் அப்படித்தான். அங்கே டோலோ என்றால் எல்லோருக்கும் தெரியும், இங்கே யாருக்கும் தெரியாது. பாரசிட்டமால் என்ற உள்மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையை உறையோடு கொண்டுபோவது அதைவிட நல்லது, ஏனென்றால் போனில் மருந்துப் பெயர்கள் ஒன்றுபோல ஒலிக்கும்.

மொழிபெயர்ப்பாளரிடம் எதிர்பார்க்கக் கூடாதது ஒன்று உண்டு, அவர் வழிகாட்டி அல்ல. நாட்டி என்ற தேசிய அமைப்பு அவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கிறது. சொன்னதை முழுதாகச் சொல்வது, பக்கம் சாயாமல் இருப்பது, இரகசியம் காப்பது இவைதான் தொழில் நெறி. "நீங்க சொல்லுங்கம்மா, இந்த ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று கேட்டால், அந்தக் கேள்வியையே டாக்டருக்கு மொழிபெயர்ப்பார். பலர் இதனால் மனம் நோகிறார்கள், நம்மவர் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. சொல்லாததுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் இதன் விளைவு, இந்த நாட்டு முறை புரியாதவருக்கு அதை விளக்க அழைப்பில் ஆளில்லை. ஊரில் இதய டாக்டரை நேரே போய்ப் பார்த்த பழக்கம் உள்ளவருக்கு, இங்கே ஜிபியின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் ஸ்பெஷலிஸ்ட் செலவில் மெடிகேர் பங்கு வராது என்பதோ, அந்தக் கடிதம் வழக்கமாக முதல் ஸ்பெஷலிஸ்ட் சந்திப்பிலிருந்து 12 மாதம்தான் செல்லும் என்பதோ தானாகத் தெரியாது. சேவையின் ஒரு பெரிய குறை என்று நாம் சொல்வது இதைத்தான்.

குறையை நீங்களே அடைத்துக்கொள்ளலாம். எழுவதற்கு முன் டாக்டரிடம், மொழிபெயர்ப்பாளர் வழியாகவே, இவற்றைக் கேட்டுவிடுங்கள்: அடுத்து நான் யாரிடம் போக வேண்டும், அவர்கள் அழைப்பார்களா நான் அழைக்க வேண்டுமா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் உடனே வர வேண்டும். பிறகு, "நான் புரிஞ்சுக்கிட்டத திருப்பிச் சொல்றேன், சரியா பாருங்க" என்று சொல்லி, மருந்தின் வேளையையும் அளவையும் உங்கள் வாயால் சொல்லுங்கள். பிழை இருந்தால் அங்கேயே வெளிப்படும். பொது மருத்துவமனையிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் ஓரமாக வைக்காதீர்கள். குறித்த நாளுக்குள் உறுதி சொல்லாததால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிட வாய்ப்புண்டு. கடிதத்தில் உள்ள எண்ணை 131 450 வழியாக அழைத்து என்னவென்று கேளுங்கள்.

மருந்துக் கடையில் இந்தச் சேவை இருக்கிறது என்பதே பலருக்கு நினைவில் வருவதில்லை. ஆனால் ஆபத்து அங்கேதான் கூடுதல். கடைக்காரர் "குறைந்த விலை பிராண்ட் தரட்டுமா?" என்று கேட்பார். தலையாட்டிவிட்டு வேறு பெட்டியோடு வருவோம். வீட்டில் பழைய பெட்டி பாதி இருக்கும். இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் போடுபவர்கள் உண்டு. இரத்த அழுத்த மாத்திரையில் இது நடந்தால் தலைசுற்றி விழ வேண்டியதுதான். பெட்டியில் பிராண்ட் பெயரைப் பார்க்காமல் உள்மருந்தின் பெயரைப் பாருங்கள், அது ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்றே. புது மருந்து வாங்கும் நாளில் மட்டுமாவது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்பார்கள். பதினான்கு வயது மகள் நன்றாக ஆங்கிலம் பேசுவாள். ஆனால் அம்மாவின் மாதவிலக்குப் பிரச்சினையையோ அப்பாவின் புற்றுநோய்ச் செய்தியையோ அவள் வாயால் சொல்ல வைப்பது கொடுமை. அவளுக்குத் தமிழிலும் அந்தச் சொற்கள் தெரியாது. கணவர் மொழிபெயர்த்தால் மனைவி வீட்டில் நடப்பதைச் சொல்ல முடியாமல் போகலாம். துணைக்கு வீட்டார் இருக்கட்டும், மொழிபெயர்ப்பு வேறொருவர் செய்யட்டும்.

"தமிழர்தானே, ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவாரோ" என்ற பயம் நியாயமானது, சிறிய சமூகம். மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை; பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கிளினிக்கிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போன் சேவை என்பதால் வேறு மாநிலத்தில் இருப்பவரைக் கேட்டும் பார்க்கலாம். குரலைத் தெரிந்தவர் என்று தோன்றினால், அந்த நிமிடமே மாற்றச் சொல்வதில் தப்பில்லை.

பொது மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பு நோயாளிக்கு இலவசம், பலவற்றில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து, மனநலம், கெட்ட செய்தி, இவற்றுக்குப் போனை ஏற்றுக்கொள்ளாமல் நேரில் ஆள் கேளுங்கள். அவசரம் என்றால் 131 450 வேண்டவே வேண்டாம். நேரே 000. "ஆம்புலன்ஸ்" என்று ஒரு சொல், "டமில்" என்று ஒரு சொல், பிறகு இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை அவர்களே இணைப்பார்கள். வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்ல மட்டும் வீட்டில் எல்லோரும் பழகியிருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் கட்டணத்தை மெடிகேர் ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும். குயின்ஸ்லாந்திலும் டாஸ்மேனியாவிலும் அங்கே குடியிருப்பவர்களுக்கு அது இலவசம். மற்ற இடங்களில் சலுகை அட்டையோ ஆம்புலன்ஸ் காப்பீடோ இருக்கிறதா என்று நலமாக இருக்கும்போதே பார்த்துவையுங்கள்.

5-க்கு 4 கொடுக்கலாம். அந்த ஒரு புள்ளி குறைவது மெடிகேர் இல்லாதவர்களுக்காக. பேரக்குழந்தையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த தாத்தா பாட்டிதான் மொழிபெயர்ப்பாளர் மிக அவசியமானவர்கள். இலவசச் சலுகை எட்டாதவர்களும் அவர்களே. இந்தியாவோடும் இலங்கையோடும் ஆஸ்திரேலியாவுக்கு மெடிகேர் பரஸ்பர ஒப்பந்தம் இல்லை. பெற்றோர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களுக்கும் அந்த விண்ணப்பத்தை வைத்து மெடிகேர் கிடைக்காது. அவர்களுக்காகத் தனியார் கிளினிக் மொழிபெயர்ப்பாளரை எடுத்தால் அது கிளினிக்கின் செலவு, பலர் முன்வர மாட்டார்கள். எனவே தமிழ் பேசும் ஜிபி அருகில் யார் என்று அவர்கள் விமானம் ஏறும் முன்பே விசாரித்து வையுங்கள்; எடுத்திருக்கும் காப்பீட்டில் மொழிபெயர்ப்பு உதவி உண்டா என்று பாருங்கள். ஒரே ஒரு தாளில் ஆங்கிலத்தில் அடித்துக் கைப்பையில் போடுங்கள்: பெயர், பிறந்த தேதி, இருக்கும் நோய்கள், உள்மருந்துப் பெயர்கள் அளவோடும் வேளையோடும், ஒத்துக்கொள்ளாத மருந்து, செய்த அறுவை சிகிச்சைகள், கடைசியாக எடுத்த சர்க்கரை, கிரியேட்டினின் எண்கள் அளவீட்டோடு, அழைக்க வேண்டியவரின் எண். மாத்திரையின் அளவு மாறினால் தாளையும் அன்றே மாற்றி அடியுங்கள், மேலே தேதி போட்டு.